தட்டு இங்கே, ஆள் கிள்ளானில்

என் தங்கை மகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கட்டுரை ஒன்று எழுத வேண்டுமாம். போன வாரம் கேட்டான்: “மாமா, ரப்பர் தோட்டத்து ஆள்கள் எல்லாம் ஏன் கோலாலம்பூர்ப் பக்கமே போய்க் குவிந்தார்கள்? ஈப்போ கிட்டத்தில் இருந்ததே? இப்படியே போனால் நம்ம சுங்கை சிப்புட் காலியாகிவிடுமா?” முப்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவனிடம் இதைக் கேட்டால் பதில் சுருக்கமாக வராது. பொறுத்துக்கொள், மருமகனே.

முதலில் இரண்டு எண்ணை எழுதி வைத்துக்கொள். 1957 கணக்கெடுப்பில் மலாயாவிலேயே அதிக மக்கள் இருந்த மாநிலம், ஈப்போவும் சுங்கை சிப்புட்டும் இருக்கும் நம் பேராக். சுமார் 12 லட்சம் பேர். கோலாலம்பூரும் சேர்ந்திருந்த அன்றைய செலாங்கூரில் 10 லட்சம்தான். 2020இல் பேராக் 25 லட்சத்தைத் தொட்டது. செலாங்கூரும் கோலாலம்பூரும் சேர்ந்து ஏறக்குறைய 90 லட்சம். நாம் ஒன்றுக்கு இரண்டானபோது அவர்கள் ஒன்றுக்கு ஒன்பதானார்கள். அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உண்டு, அங்கேயே பிறந்தவர்களும் உண்டு. ஆனால் நம் பேராக் பிள்ளைகளின் பங்கு பெரியது. 1970களிலும் 80களிலும் பிற மாநிலங்களுக்கு ஆள்களை அனுப்பியதில் முன்வரிசையில் நின்றது பேராக்தான்.

சரி, ஏன் போனார்கள்? பாடப் புத்தகத்தில் ‘தள்ளும் காரணம், இழுக்கும் காரணம்’ என்று இரண்டு பத்தி இருக்கும். நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பட்டணத்தில் வேலை, சம்பளம், சினிமா. தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு (பாலெடுக்க ரப்பர் மரத்தைக் கீறும் வேலை) இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பத்திகளில் வராத ஒன்று இருக்கிறது: வீடு.

லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு, நமக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) பெயர் கொடுக்க வீட்டில் ஒரு ஆளாவது இருந்தால்தான் அந்த வீட்டில் மற்றவர்கள் தங்கலாம். 55 வயதில் வேலை முடிந்தால் சாவியைத் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்துவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவன் சென்னைக்குப் போனால், ஊரில் ஓட்டை ஓலைக் குடிசையாவது அவன் பெயரில் நிற்கும்; தோற்றால் திரும்பி வரலாம். நம் ஆள் திரும்பி வருவதற்கு ஒரு கூரை கிடையாது. ரேவன்ஸ்டைன் என்பவர் 1885இல் குடிபெயர்வுக்கு விதிகள் எழுதினார், நீயும் படித்திருப்பாய். பெரும்பாலோர் குறைந்த தூரமே போவார்கள், படிப்படியாகப் போவார்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் இருக்கும் என்பார். முதல் இரண்டைப் பிறகு பார்ப்போம். மூன்றாவது இங்கேயே இடிக்கிறது. தோட்டத்துக்குத் திரும்பிய எதிரோட்டம் என்று சொல்லும்படி எதையும் நான் பார்த்ததில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் வேலையும் போனது, லயமும் போனது. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளி (நம் நாட்டு நாணயம்) வாங்கித் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். அது பல தோட்டங்களைக் காப்பாற்றியது. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற அந்தப் பத்து வெள்ளி போதவில்லை. அப்புறம் 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்தவர்களில் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் லயத்தில் மூன்று வீடு ஒரே மாதத்தில் பூட்டியதை நான் பையனாகப் பார்த்தேன். கோழிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஒரு வீட்டைக் காட்டுகிறேன். 1991 கணக்கெடுப்பில் பகுதி நேர வேலைக்குப் போனேன். நான் பிறந்த தோட்டமே என் பங்குக்கு வந்தது. எங்கள் லயத்தில் இருந்த ஓர் அத்தை, அப்போது அவருக்கு 53 வயது. விடிகாலை வெட்டுக்குப் போய், பால் ஊற்றிவிட்டு வந்து, கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்.

“வீட்டில் எத்தனை பேர் அத்தை?”

“ஏழு பேர்.”

நான் எண்ணிப் பார்த்தேன். அத்தை, மாமா, படுத்த படுக்கையாக மாமாவின் அம்மா, பள்ளிக்கூடம் போகும் கடைசிப் பையன். நாலு. மற்ற மூவர்? பெரியவன் செலாங்கூரில் கிள்ளானில். அடுத்த பெண் பினாங்கில். அதற்கடுத்தவன் ஜொகூரில். வழக்கமாக எங்கே தங்குகிறார்களோ அங்கேதான் எழுத வேண்டும் என்பது அந்த முறை விதி. நான் விளக்கினேன். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய் பீங்கான் தட்டு மூன்றைக் கொண்டுவந்து என் கணக்கெடுப்புப் படிவத்தின் மேலேயே வைத்தார். “தட்டு இங்கே இருக்கு. பாயி இங்கே இருக்கு. தீபாவளிக்கு இங்கேதான் வர்றாங்க. எப்படி எழுதாம போவே?”

எழுதாமல்தான் போனேன். விதி அப்படி. ஆனால் அன்று இன்னொன்றும் புரிந்தது. மூன்று பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், அத்தை ஏன் இன்னும் வெட்டுக்குப் போக வேண்டும்? மாமாவுக்கு மூச்சிரைப்பு, வேலையை விட்டாயிற்று. அத்தையும் விட்டால் வீடு போய்விடும். ஆக, அந்தப் பெண்மணி ஐந்நூறு மரம் வெட்டியது பாதி சம்பளத்துக்கு, பாதி வீட்டு வாடகைக்கு. பிள்ளைகள் பட்டணத்தில் காலூன்ற ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை தோட்டத்து வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க ஒருவர் தேவை. எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார்.

அந்த மூன்று தட்டின் சொந்தக்காரர்கள் போன பாதையைப் பார்த்தாலே உன் கட்டுரைக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

பெண்ணின் கதை 1972இல் தொடங்குகிறது, அவள் அப்போது சின்னக் குழந்தை என்றாலும். அந்த வருஷம் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் உருவானது. செலாங்கூரில் சுங்கை வேயிலும் அதே காலத்தில் ஒன்று. மின்னியல் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். நகரத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தொழிற்சாலை பஸ்ஸே வந்தது. லயத்தில் படுத்து, ஷிப்ட்டுக்கு பஸ் ஏறி, திரும்பி லயத்துக்கே வந்தார்கள். எங்கள் தோட்டம் அவ்வளவு கிட்டத்தில் இல்லை. அதனால் அவள் தோழிகள் நாலு பேரோடு பினாங்கில் வாடகை வீட்டில் தங்கினாள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்பியதற்கு லயத்தில் என்னென்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் அதே பேசிய வீடுகளிலிருந்து மூன்று பெண்கள் அவளோடு சேர்ந்தார்கள். நம் குடிபெயர்வு பற்றி எழுதுகிறவர்கள் ஆண்களைப் பற்றியே எழுதுகிறார்கள். நீ அந்தத் தப்பைச் செய்யாதே.

பெரியவன் கிள்ளானுக்குப் போனது கிள்ளானைப் பிடித்ததால் இல்லை. அவன் தாய்மாமன் அங்கே லோரி அட்டெண்டனாக இருந்தார், அவ்வளவுதான். தாய்மாமன் இருந்ததோ புறம்போக்கு நிலத்தில், பலகையும் தகரமும் அடித்த வீட்டில். அதே வரிசையில் பத்து வீடு பேராக்காரர்கள். யாரும் ‘கோலாலம்பூருக்கு’ப் போவதில்லை, செந்தூலில் சித்தப்பா இருந்தால் செந்தூல், காப்பாரில் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தால் காப்பார். முதல் மாதம் சோறு போட ஒரு ஆள், வேலைக்கு ‘நம்ம பையன்’ என்று சொல்லிவிட ஒரு ஆள். அப்படித்தான் ஒரு தோட்டமே பெயர்ந்து கிள்ளானின் ஒரு சந்தில் உட்கார்ந்தது. கோயில் பூசாரிகூட அதே ஆள். பிறகு புறம்போக்கை இடித்தார்கள். சில வருஷம் தற்காலிக நீள்வீடு. அதன்பின் மலிவு விலை அடுக்குமாடி. தற்காலிகம் என்று சொன்னது எத்தனை வருஷம் நீண்டது என்று கேட்டால் அவன் இன்றைக்கும் சிரிப்பான்.

மூன்றாமவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீடு ஜொகூரில், வேலை சிங்கப்பூரில். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். ஒரு சிங்கை வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது, எந்தப் புவியியல் விதியும் அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஈப்போ ஏன் இல்லை என்று கேட்டாய். நல்ல கேள்வி, பலரும் கேட்க மறக்கிற கேள்வி. ரேவன்ஸ்டைன் சொல்படி பார்த்தால் தோட்டம், சுங்கை சிப்புட், ஈப்போ, அப்புறம் கோலாலம்பூர் என்று படி ஏறியிருக்க வேண்டும். ஆனால் அந்த நடுப்படி உடைந்துவிட்டது. ஈப்போவை வாழவைத்தது அதைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் (வெள்ளீயம்). 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்து விலை பாதாளத்துக்குப் போனது. ஈயவாரிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன, லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) மூடின. தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஈப்போக்காரனே வேலை தேடிக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினான். படி இல்லாத இடத்தில் நம் ஆள் தாண்டிக் குதித்தான். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபின் அந்தத் தாண்டல் இன்னும் சுலபமானது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு தெற்கிலிருந்து வரும் கார் வரிசையைப் பார்த்தால் தெரியும்.

இனி, ‘போனார்கள்’ என்ற உன் சொல்லுக்கு வருகிறேன். செலாங்கூர்த் தோட்டக்காரர்கள் நிறையப் பேர் எங்கேயும் போகவில்லை. நகரம்தான் அவர்கள் மேல் வந்து ஏறியது. இன்றைய சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் சீபீல்ட் தோட்டம். ஒரு ரப்பர் மரம் இல்லாத அந்த வட்டாரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் இன்னும் சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய அரங்கம் தோட்ட நிலத்தில் நிற்கிறது. புத்ராஜெயா இருக்கும் இடம் பெராங் பெசார் தோட்டம். வெட்டுக்காரர்களுக்கு அது தெரிந்த பெயர், ஏனென்றால் பிபி 86 என்று ஒட்டுக்கட்டிய நல்ல பால் மரத்தின் ‘பிபி’ அந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கும் அக்கம்பக்கத்திலும் இருந்த தோட்டக் குடும்பங்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். தூரம் என்று பார்த்தால் சில மைல்தான். ஆனால் மாடு வளர்த்தவர், பின்கட்டில் முருங்கை வைத்தவர் நாலாவது மாடிக்குப் போனார். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களை மட்டும் எண்ணும் அட்டவணையில் இவர் குடிபெயர்ந்தவராகவே வரமாட்டார். என் கணக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்குப் போனவனைவிட இவர் நெடுந்தூரம் போனவர்.

அட்டவணை என்றதும் ஓர் எச்சரிக்கை. மலேசியாவில் நகரவாசிகள் 1980இல் 34 விழுக்காடு, 1991இல் 51, 2020இல் 75 என்று எழுதுவாய். எழுது. ஆனால் 34இலிருந்து 51க்குத் தாவியதை எல்லாம் பஸ் ஏறிய ஆள்களின் கணக்கில் போடாதே. 1991இலிருந்து, அரசிதழில் அறிவித்த பட்டண எல்லையோடு அதை ஒட்டிக் கட்டடம் பெருகிய இடங்களையும் சேர்த்து 10,000 பேர் இருந்தால் நகரம் என்று எண்ணத் தொடங்கினார்கள். ஆக, பட்டண ஓரத்தில் இருந்த சிலர், வீட்டு வாசலைத் தாண்டாமலேயே நகரவாசி ஆனார்கள். நியாயமான மாற்றம்தான், நான் குறை சொல்லவில்லை. புரியாமல் பயன்படுத்தாதே என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் இன்றைய நிலைமை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு என்ற அந்தப் பெரிய ஓட்டம் நம் மக்களைப் பொறுத்தவரை முடிந்த கதை. அனுப்புவதற்குத் தோட்டத்தில் இளைஞர்கள் இல்லை. இப்போது நடப்பதெல்லாம் நகரத்திலிருந்து நகரத்துக்கு. புள்ளிவிவரத் துறையின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். இன்னொன்றும் வரும், அது உன்னை ஆச்சரியப்படுத்தலாம்: கோலாலம்பூருக்குள் வருகிறவர்களைவிட அங்கிருந்து செலாங்கூருக்கு வெளியேறுகிறவர்கள் அதிகம். நகர நடுவில் வீட்டு விலை எட்டவில்லை. செலாங்கூரிலும் எட்டாதவர்கள் நெகிரி செம்பிலானில் நீலாய், சிரம்பான் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பி வருகிறார்கள். 1995இல் வந்த கொமுட்டர் (புறநகர்) ரயிலும் நெடுஞ்சாலையும் அதற்குத் துணை. கிள்ளான் போன அந்தப் பெரியவனின் மகன் இப்போது நீலாயில் இருக்கிறான். தினமும் போக வர மூன்று மணி நேரம் சாலையில் கழிகிறது. தாத்தா, பாட்டி வெட்டுக்காட்டுக்குப் பதினைந்து நிமிஷம் நடந்தார்கள்.

கடைசிக் கேள்வி: சுங்கை சிப்புட் காலியாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஊரையும் தோட்டத்தையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். தோட்டத்து லயம் நம் ஆள்களைப் பொறுத்தவரை காலி. ஆனால் ஊர் இருக்கிறதே, அது லயத்திலிருந்து இறங்கியவர்களுக்கு முதல் படி. அத்தைக்கு 55 ஆனபோது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை முன்பணமாகப் போட்டு, பிள்ளைகள் மாதத் தவணை கட்ட, ஊருக்குள் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு விலை வீடு வாங்கினார்கள். அப்போது அந்த வகை வீட்டுக்கு அரசு வைத்திருந்த விலை 25,000 வெள்ளி. குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு கதவு. இப்படி வந்தவர்களால் நிரம்பியவைதான் நம் ஊர்த் தாமான்கள். அதனால்தான் சாயங்காலத்தில் அங்கே நடந்தால் பாட்டிகளும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள், முப்பது வயதுக்காரர்கள் தென்படமாட்டார்கள். நடுவயது கோலாலம்பூரும் கிள்ளானும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் உழைக்கிறது, குழந்தைகளைக் கொஞ்ச காலம் இங்கே விட்டுவைத்திருக்கிறது.

ரேவன்ஸ்டைனின் எதிரோட்டம் நமக்கு இல்லை என்று மேலே சொன்னேன் இல்லையா? அது தோட்டத்துக்குத்தான். ஊருக்கு இப்போதுதான் மெல்லத் தொடங்கியிருக்கிறது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 2010இல் மின்ரயில் வந்தது, 2015இல் அது வடக்கே பாடாங் பெசார் வரை நீண்டது. பணி ஓய்வு பெற்றவர்கள் சிலர் கோலாலம்பூர்ப் பக்கத்து வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு இங்கே வந்து தங்குகிறார்கள். என் தெருவிலேயே இரண்டு வீடு அப்படி. இதை வைத்து ‘திரும்பி வரும் அலை’ என்று தலைப்புப் போட்டுவிடாதே. இரண்டு வீடு அலை ஆகாது.

லயம் காலி என்றேன், அதுவும் முழு உண்மை இல்லை. ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தபோது ஒரே அளவு நிலத்துக்குக் குறைந்த ஆள் போதும் என்றானது. குறைந்த அந்த ஆளும் உள்ளூரில் கிடைக்கவில்லை, கொடுத்த சம்பளம் அப்படி. 1984இல் இந்தோனேசியாவோடு மேடானில் ஓர் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள். பிறகு வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். நான் பிறந்த லயத்தின் மிச்சமிருக்கும் வரிசையில் இன்று லொம்போக் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள். போன வருஷம் போனபோது ஒருவர் வாசலில் உட்கார்ந்து வீட்டுக்காரம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு தட்டு அலமாரியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காவது திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது.

கட்டுரை எழுதுமுன் ஒரு தடவை வா. அத்தைக்கு இப்போது 87, காது கொஞ்சம் மந்தம், கணக்கில் மந்தமில்லை. அவரிடம் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்கும் போய் வரலாம். கார் வேண்டாம், செம்பனைக் குலை ஏற்றும் லோரி பாதையை உழுது போட்டிருக்கிறது. என் மோட்டார் சைக்கிளில் போவோம்.